பழனியில் முடி எடுப்பதும் பணிவு, சீக்கியர் முடி எடுக்காததும் பணிவு: இது எப்படி?

பழனி அடிவாரத்தில் எந்த நாள் போய் நின்றாலும் இரண்டு விதமான தலைகளைப் பார்க்கலாம். மொட்டை போட்டு, சந்தனம் பூசிய தலை ஒன்று. முடிகாணிக்கை கொடுக்கக் காத்திருக்கும் தலை இன்னொன்று. கைக்குழந்தை முதல் பாட்டி வரை வரிசையில் நிற்பார்கள்.

அதே ஊர் வழியாக மலை ஏறினால் சுமார் 65 கி.மீ. தூரத்தில் கொடைக்கானல். அங்கே சீசன் நேரத்தில் வட இந்தியாவிலிருந்து வரும் கூட்டத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு சீக்கியக் குடும்பம் கண்ணில் படலாம். பிறந்ததிலிருந்து கத்தரியே படாத முடி அது.

ஒருவர் பணிவைக் காட்ட முடியை எடுக்கிறார். இன்னொருவர் பணிவைக் காட்ட முடியை எடுக்காமல் விடுகிறார். வெளியில் இருந்து பார்த்தால் நேர் எதிர். உள்ளே?

சீக்கிய நெறியில் பணிவுக்கு என்ன இடம், அடுத்தவரை எடைபோடுவது பற்றி அது என்ன சொல்கிறது, சொன்னபடி நடக்கிறதா, இதில் நமக்கு என்ன இருக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், சீக்கியர்கள் யார்?

சீக்கிய நெறியைத் தொடங்கியவர் குரு நானக். காலம் 1469 முதல் 1539 வரை. அவர் பிறந்த தல்வண்டி இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. நங்கானா சாகிப் என்று அழைக்கிறார்கள். அவருக்குப் பின் ஒன்பது குருமார்கள். பத்தாவது குரு கோவிந்த் சிங், தனக்குப் பிறகு மனித குரு கிடையாது, நூலே குரு என்று அறிவித்தார். அந்த நூல்தான் குரு கிரந்த சாகிப்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சீக்கியர்கள் சுமார் 2.08 கோடி பேர். அதாவது நாட்டின் மக்கள்தொகையில் 1.7 சதவீதம். தமிழ்நாட்டில் 15 ஆயிரத்துக்கும் குறைவு.

அதனால் நம்மில் பலருக்கு சீக்கியர் என்றால் சினிமா, ராணுவ அணிவகுப்பு, அப்புறம் 'சர்தார்ஜி ஜோக்'. அவ்வளவுதான். அந்த ஜோக் விஷயத்துக்குக் கடைசியில் வருவோம்.

பணிவுக்கு சீக்கியத்தில் என்ன பெயர்?

நிம்ரதா. சத்தியம், மனநிறைவு, இரக்கம், அன்பு ஆகியவற்றோடு சேர்த்து சீக்கியர்கள் போற்றும் ஐந்து நற்குணங்களில் இதுவும் ஒன்று.

இதற்கு எதிர்ச்சொல்லாக அவர்கள் சொல்வது ஹௌமை. 'நான், நான்' என்கிற எண்ணம். காமம், கோபம், பேராசை, பற்று, அகந்தை ஆகிய ஐந்து தீமைகளுக்கும் வேர் இந்த 'நான்'தான் என்பது குரு நானக்கின் போதனை. கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவில் நிற்கும் சுவரும் இதுதான்.

அடுத்தவரை மட்டமாக எடைபோடுவதும் இந்த வேரிலிருந்தே கிளைக்கிறது. 'அவன் தாழ்ந்தவன்' என்று ஒருவர் சொல்லும்போது, சொல்லாமல் விடும் மீதி வாக்கியம் 'நான் உயர்ந்தவன்' என்பதுதானே? அதனால்தான் சீக்கிய நெறியில் பணிவும், பிறரை இழிவாகப் பேசாமையும் ஒரே பாடமாக வருகிறது. இழிவாகப் பேசுவதற்கு அங்கே பெயர் நிந்தா. நம்ம ஊர் 'நிந்தனை'யின் அதே சொல்தான்.

இலவ மரமும் தராசும்

குரு நானக் இதை விளக்கப் பெரிய தத்துவம் எதுவும் பேசவில்லை. 'ஆசா தி வார்' என்ற, சீக்கியர்கள் காலையில் பாடும் பாடல் தொகுப்பில் மூன்று எளிய உவமைகளைச் சொல்கிறார்.

முதலாவது இலவ மரம். அம்பு மாதிரி நேராக, உயரமாக வளரும். நம்பி வரும் பறவைக்கு அதன் காயும் பழமும் ருசிப்பதில்லை. இது நமக்குப் புதுசு இல்லை. 'இலவு காத்த கிளி' என்ற சொல்லை வைத்திருப்பவர்கள் நாம். பழனி மலைத்தொடருக்குத் தெற்கே, போடி பக்கம் இலவம் பஞ்சு ஒரு தொழிலாகவே இருந்து வருகிறது. உயரம் இருந்தால் போதாது, வந்தவர் பசி ஆறணும் என்பது இதன் கருத்து.

இரண்டாவது தராசு. எந்தத் தட்டில் கனம் இருக்கிறதோ, அந்தத் தட்டுதான் கீழே இறங்கும்.

மூன்றாவது உவமைதான் கூர்மையானது. மான் வேட்டைக்காரனும் குனிகிறான். உடம்பு குனிவதால் மட்டும் ஒருவர் பணிவானவர் ஆகிவிட மாட்டார். உள்ளே என்ன நினைப்பு என்பதுதான் கேள்வி.

அதாவது, பணிவைக்கூட அதன் தோற்றத்தை வைத்து முடிவு செய்யாதே என்கிறார்.

சரி, முடி விஷயத்துக்கு வருவோம். ஏன் வெட்டுவதில்லை?

சீக்கியர்கள் வெட்டாத முடியை கேஷ் என்கிறார்கள். உடம்பு இறைவன் கொடுத்தது. கொடுத்தபடியே ஏற்றுக்கொள்வது அவன் ஆணைக்குத் தலைவணங்குவது என்பது அவர்கள் தரும் விளக்கம். 'எனக்குப் பிடித்த மாதிரி மாற்றிக்கொள்கிறேன்' என்கிற 'நானை' விட்டுக்கொடுப்பதின் அடையாளம் அது.

பழனியில் நடப்பது என்ன? அழகு, கௌரவம் என்று நாம் நினைக்கும் முடியை முருகனுக்குக் கொடுத்துவிடுகிறோம். கோடீஸ்வரர் தலையும் கூலித் தொழிலாளி தலையும் மொட்டை போட்ட பிறகு ஒரே மாதிரிதான். முடிகாணிக்கைக்குக் கட்டணம் வேண்டாம் என்று 2021-ல் அறநிலையத் துறை அறிவித்த பிறகு, அந்தச் சின்ன வித்தியாசமும் போய்விட்டது.

ஒருவர் 'நானை' கழற்றி வைக்கிறார். இன்னொருவர் 'நானை' கை வைக்கவிடாமல் தடுக்கிறார். செயல் எதிரெதிர், நோக்கம் பக்கத்துப் பக்கத்தில்.

இரண்டும் அப்படியே ஒன்று என்று சொல்லிவிடவும் முடியாது. நேர்த்திக்கடன், புனித யாத்திரை, சடங்கு இவற்றால் மட்டும் அகந்தை கரையாது என்று குரு நானக் திரும்பத் திரும்பச் சொன்னவர். ஆனால் அதே அளவுகோலை அவர் வழி வந்தவர்கள் தங்களுக்கும் வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே பணிவு இல்லாத தலைப்பாகை, வெறும் துணிதான்.

பீதரில் இருந்து போன ஒருவர்

1699 வைசாகி நாள். பஞ்சாபின் ஆனந்த்பூர் சாகிப்பில் பெரும் கூட்டம். குரு கோவிந்த் சிங் வாளோடு வந்து, 'தலை கொடுக்க யார் தயார்?' என்ற பொருளில் கேட்டார். ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேர் எழுந்தார்கள். 'பஞ்ச் பியாரே', அதாவது அன்புக்குரிய ஐவர், என்று இவர்களைச் சொல்கிறார்கள்.

சீக்கிய மரபு சொல்லும் அவர்களின் பின்னணியைப் பாருங்க. லாகூரைச் சேர்ந்த கத்ரி ஒருவர். ஹஸ்தினாபுரத்து ஜாட் விவசாயி. ஜகந்நாத புரியிலிருந்து தண்ணீர் சுமக்கும் தொழில் செய்தவர். துவாரகையிலிருந்து துணித் தொழில் செய்தவர். ஐந்தாவது ஆள், தென்திசையில் பீதரிலிருந்து போன சாகிப் சந்த். இன்றைய கர்நாடகத்தின் வடக்கு முனையில் இருக்கிறது பீதர். முடிதிருத்தும் குடும்பத்தில் பிறந்தவர் அவர்.

முடி திருத்தும் தொழிலில் பிறந்த ஒருவர், முடியே வெட்டாத ஒரு சமூகத்தின் முதல் ஐந்து பேரில் ஒருவர் ஆனார். பிறந்த தொழிலை வைத்து ஆளை அளக்காதே என்பதற்கு இதைவிட நேரடியான பாடம் வேண்டுமா?

அன்றைக்கு நடந்த அடுத்த விஷயம் இன்னும் முக்கியம். ஐவருக்கும் அமிர்தம் கொடுத்து 'கால்சா'வில் சேர்த்த குரு, பிறகு அதே ஐவர் முன்னால் தானே நின்று, தனக்கும் அதைக் கொடுக்கும்படி கேட்டு வாங்கிக்கொண்டார். குருவே சீடரிடம் சீடரானார். இன்றும் கால்சாவில் சேர்பவருக்கு அமிர்தம் கொடுப்பது ஐந்து பேர்தான்.

ஆண்களுக்கு 'சிங்', பெண்களுக்கு 'கவுர்' என்ற பொதுப்பெயர் வழக்கமும் கால்சாவோடு சேர்ந்தது. பெயரைக் கேட்டே சாதியைக் கண்டுபிடிக்கும் வழியை அடைப்பது இதன் நோக்கம். பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதை விடணும் என்று 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது நினைவுக்கு வருகிறதா? வழி வேறு, அடைக்க நினைத்த ஓட்டை ஒன்றுதான்.

பணிவு மனசுல மட்டும் இருந்தா போதாதா?

போதாது என்பதுதான் சீக்கிய அணுகுமுறை. மனசு ஏமாற்றும். அதனால் உட்காரும் இடம், சாப்பிடும் வரிசை, கட்டடம் எல்லாவற்றிலும் பணிவை ஏற்பாடாகவே செய்து வைத்திருக்கிறார்கள்.

தரை: குருத்வாராவில் எல்லோரும் தரையில்தான் உட்காரணும். உயரத்தில் இருப்பது நூல் மட்டும். விஐபி நாற்காலி கிடையாது.

படி: அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் நுழைய மேலே ஏறத் தேவையில்லை, படிகளில் கீழே இறங்கணும். ஹர்மந்திர் சாகிப் எனும் அந்தக் கோயிலுக்கு நான்கு பக்கமும் வாசல். எந்தத் திசையிலிருந்தும் யாரும் வரலாம் என்பது அதன் பொருள்.

வரிசை: குருத்வாரா சமையல்கூடத்துக்கு லங்கர் என்று பெயர். அங்கே உட்காரும் வரிசைக்கு பங்கத். மூன்றாவது குரு அமர்தாஸ், தன்னைப் பார்க்க வருபவர் யாராக இருந்தாலும் முதலில் பங்கத்தில் உட்கார்ந்து சாப்பிடணும் என்று விதி வைத்தார். பேரரசர் அக்பர் வந்தபோதும் எல்லோரோடும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகே குருவைச் சந்தித்தார் என்பது சீக்கிய மரபு.

கை: லங்கரில் ரொட்டியைத் தட்டில் போடச் சொல்ல மாட்டார்கள். இரண்டு கையையும் ஏந்தி வாங்கணும். கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. பொற்கோயிலில் சாதாரண நாளிலேயே 50 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் இப்படிச் சாப்பிடுகிறார்கள்.

நமக்கு அன்னதானம் புதுசு இல்லை. பழனி மலைக்கோயிலில் 2012 முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. பாதயாத்திரை போகிறவர்களுக்கு வழியெங்கும் சாப்பாடும் மோரும் கொடுக்கும் ஊர்களும் நம்மிடம் உண்டு. லங்கரில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்கலாம்: பாத்திரம் கழுவுவதும், செருப்பைப் பார்த்துக்கொள்வதும் அங்கே வசதியானவர்களும் விரும்பிச் செய்யும் தொண்டு. காரில் வந்து இறங்கியவர் நேராகப் போய் செருப்புகளைத் துடைத்து அடுக்குவார்.

அடுத்தவரை எடைபோடாதே: இதற்கு என்ன ஆதாரம்?

ஆதாரம் அந்த நூலேதான். ஐந்தாவது குரு அர்ஜன் 1604-ல் அதன் முதல் வடிவத்தைத் தொகுத்தபோது, குருமார்களின் பாடல்களை மட்டும் சேர்க்கவில்லை. நெசவாளர் கபீர், தோல் தொழில் செய்த ரவிதாஸ், மராட்டியத் தையல்காரர் நாம்தேவ், முடிதிருத்துபவரான சைன், இறைச்சி வெட்டுபவரான சாதனா, இஸ்லாமிய சூஃபி ஷேக் ஃபரீத் ஆகியோரின் பாடல்களும் இருக்கின்றன.

இன்று ஒரு சீக்கியர் அந்த நூலின் முன் நெற்றி தரையில் படும்படி வணங்கும்போது, இவர்கள் எல்லோர் சொல்லுக்கும் சேர்த்தே வணங்குகிறார். சாதனா இறைச்சிக் கடைக்காரர், ஃபரீத் வேறு மதத்தவர் என்று பிரித்துவிட்டு வணங்க வழியே இல்லை.

ஃபரீத்தின் பாடல்களில் வரும் ஓர் அறிவுரை, அடுத்தவர் கணக்கை எழுதுவதற்கு முன் உன் நெஞ்சைக் குனிந்து பார் என்பது.

இன்னொரு சம்பவம் சீக்கிய வீடுகளில் குழந்தைகளுக்குச் சொல்லப்படுவது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம், ஆனந்த்பூரில் போர். பாய் கன்னையா என்ற தொண்டர் தோல் பையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, காயம்பட்டுக் கிடந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். எதிரி வீரர்களுக்கும் சேர்த்து. 'நாம வீழ்த்தினவனை இவர் எழுப்பி விடுகிறார்' என்று குரு கோவிந்த் சிங்கிடம் புகார் போனது.

கூப்பிட்டுக் கேட்டார் குரு. எனக்கு நண்பன், எதிரி என்று யாரும் தெரியவில்லை, எல்லா முகத்திலும் உங்களைத்தான் பார்த்தேன் என்ற பொருளில் கன்னையா பதில் சொன்னார். குரு கோபப்படவில்லை. தண்ணீரோடு சேர்த்துக் காயத்துக்கு மருந்தும் போடு என்று கொடுத்து அனுப்பினார்.

அப்போ தப்பைக் கண்டாலும் வாய் திறக்கக் கூடாதா?

பலரும் குழம்பும் இடம் இது. பதில்: திறக்கணும்.

குரு நானக் பற்றி ஒரு பழங்கதை. மாலிக் பாகோ என்ற அதிகாரி பெரிய விருந்து வைக்கிறார். குருவோ லாலோ என்ற தச்சர் வீட்டில் எளிய ரொட்டி சாப்பிடுகிறார். ஏன் என் விருந்துக்கு வரவில்லை என்று பாகோ கேட்டபோது, இரண்டு வீட்டு ரொட்டியையும் குரு பிழிந்தார். லாலோவின் ரொட்டியில் பால் வந்தது, பாகோவின் ரொட்டியில் ரத்தம் வந்தது என்று முடியும் கதை. ஏழைகளைச் சுரண்டிச் சேர்த்த செல்வத்தை அவர் முகத்துக்கு நேராகவே சுட்டிக்காட்டியதாகச் சொல்லும் கதை இது.

ஆக, எடைபோடக் கூடாது என்றால் அநியாயத்துக்குக் கண்ணை மூடிக்கொள்வது என்று அர்த்தம் இல்லை. பிறப்பு, தொழில், உடை, மதம் இவற்றை வைத்து ஆளை அளக்காதே. செயல் தவறென்றால் செயலைச் சொல்லு. முடிந்ததும் ஆளைச் சேர்த்துக்கொள். இதுதான் கோடு.

இந்தக் கடைசிப் பகுதிக்கு சீக்கியர்கள் ஒரு நடைமுறையே வைத்திருக்கிறார்கள். பெயர் தன்கா. நெறி தவறியவர் சபை முன் கைகூப்பி நின்று ஒப்புக்கொள்ளணும். தண்டனை பற்றி வாதாடக் கூடாது. தண்டனை பெரும்பாலும் கையால் செய்யும் தொண்டு. மன்னிக்க சபையும் தயங்கக் கூடாது. 1945-ல் இறுதி வடிவம் பெற்ற சீக்கிய நடத்தை விதிமுறை இப்படித்தான் சொல்கிறது.

2024 டிசம்பரில் டிவியில் பார்த்திருப்பீங்க. பஞ்சாபின் முன்னாள் துணை முதல்வர் சுக்பீர் சிங் பாதல், காலில் காயத்தோடு சக்கர நாற்காலியில், கழுத்தில் அட்டை தொங்க, கையில் ஈட்டியோடு பொற்கோயில் வாசலில் காவலாளியாக உட்கார்ந்திருந்தார். அகால் தக்த் என்ற உயரிய சீக்கிய பீடம் கொடுத்த தண்டனை அது. டிசம்பர் 4-ஆம் தேதி அந்த வாசலிலேயே அவரை நோக்கித் துப்பாக்கிச் சூடு நடந்தது; காவலர் பாய்ந்து தடுத்ததால் தப்பினார். பிறகும் தண்டனையை முடித்தார்.

தமிழ்நாட்டு ஆளுநர் செருப்பு துடைத்த கதை

இதே வரிசையில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். சுர்ஜித் சிங் பர்னாலா. இரண்டு முறை தமிழ்நாட்டின் ஆளுநராக இருந்தவர்.

அவர் பஞ்சாப் முதல்வராக இருந்தபோது, 1986 ஏப்ரலில் பொற்கோயில் வளாகத்துக்குள் பாதுகாப்புப் படை நுழைந்தது. அதற்குப் பரிகாரமாக முதல்வர் பதவியில் இருந்துகொண்டே பக்தர்களின் செருப்பைத் துடைத்தார். 1987-ல் அகால் தக்த் பீடத்துடன் மோதல் முற்றி, சமூகத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். 1988 டிசம்பரில் அந்தப் பீடத்தின் முன் போய் நின்று தண்டனையை ஏற்றுக்கொண்டார். கழுத்தில் அட்டை, தூணில் கட்டப்பட்டு நிற்பது, செருப்பு துடைப்பது, பாத்திரம் கழுவுவது. முன்னாள் முதல்வர், முன்னாள் மத்திய அமைச்சர்; எல்லாவற்றையும் செய்தார்.

ஒன்றரை ஆண்டுக்குள், 1990 மே மாதம், சென்னை ராஜ்பவனுக்கு ஆளுநராக வந்தார். 1991 ஜனவரி 30-ல் மு.கருணாநிதி தலைமையிலான திமுக அரசு கலைக்கப்பட்டது. கலைக்கும்படி பர்னாலா அறிக்கை தரவில்லை. ஆளுநர் அறிக்கை இல்லாமலே அது நடந்தது. பிறகு பீகாருக்கு மாற்றியபோது, போகாமல் பதவியை ராஜினாமா செய்தார். 2004 முதல் 2011 வரை மறுபடியும் தமிழ்நாட்டு ஆளுநர். 2017 ஜனவரி 14-ல், நம்ம பொங்கல் நாளில் காலமானார்.

செருப்பு துடைத்ததால்தான் அந்த முடிவை எடுத்தார் என்று முடிச்சுப் போட வேண்டாம். பார்க்க வேண்டியது இதுதான்: ஊரே பார்க்க தூணில் கட்டப்பட்டவர், அந்த அட்டையை ஆயுள் முழுக்கச் சுமக்கவில்லை. தண்டனை முடிந்த இடத்தில் அவமானமும் முடிந்தது. நாம் ஒருவரை ஒரு முறை 'இவன் இப்படித்தான்' என்று சொல்லிவிட்டால், அந்த அட்டையை எப்போதாவது கழற்றுகிறோமா?

எல்லாம் சொன்னபடி நடக்குதா?

இல்லை. அதையும் சொல்லணும்.

1920 அக்டோபர் 12. தாழ்த்தப்பட்ட சாதிகளிலிருந்து சீக்கியத்துக்கு வந்தவர்கள் பொற்கோயிலுக்குப் பிரசாதம் கொண்டுவந்தார்கள். அதை ஏற்க அங்கிருந்த பூசாரிகள் மறுத்தார்கள். வாக்குவாதம். கடைசியில் நூலையே திறந்து பார்ப்போம் என்று முடிவானது. தகுதி இல்லாதவரையும் இறைவன் ஏற்றுச் சேர்த்துக்கொள்கிறான் என்ற கருத்துள்ள பாடல் வந்தது. பிரசாதம் ஏற்கப்பட்டது. அடுத்த மாதமே குருத்வாராக்களை நிர்வகிக்கும் எஸ்ஜிபிசி அமைப்பு உருவானது.

அதற்குப் பிறகும் சாதி போய்விடவில்லை. பஞ்சாபின் பல கிராமங்களில் சாதிக்கொரு குருத்வாரா, சாதிக்கொரு சுடுகாடு இன்றும் இருக்கிறது. 'சிங்'குக்குப் பின்னால் சாதிப்பெயர் திரும்ப ஒட்டிக்கொண்டது. நம்ம ஊரில் பெயரிலிருந்து சாதி போனபின் அது வேறு வழியில் உள்ளே வந்த மாதிரிதான். போதனை ஒரு ஊரைத் தானாகத் திருத்திவிடாது. ஆனால் 1920-ல் வாசலில் நின்றவர்களுக்குக் கையில் பிடித்துக்கொள்ள அது ஒரு கயிறாக இருந்தது.

எடைபோடப்பட்டவர்கள் பக்கம் இருந்து பார்த்தால்?

தலைப்பாகை தூரத்திலிருந்தே தெரியும். அதனால் எடைபோடுவதும் சுலபம்.

1984 அக்டோபர் 31-ல் பிரதமர் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டதும் டெல்லியில் தலைப்பாகையைப் பார்த்துப் பார்த்துத் தாக்கினார்கள். அரசுக் கணக்குப்படியே டெல்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டார்கள். பலர் உயிர் பிழைக்க முடியை வெட்டிக்கொண்டார்கள்.

2001 செப்டம்பர் 15. அமெரிக்காவின் அரிசோனாவில், பெட்ரோல் பங்க் நடத்திவந்த பல்பீர் சிங் சோதி சுட்டுக் கொல்லப்பட்டார். இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்கு நான்கு நாள் கழித்து, தலைப்பாகையையும் தாடியையும் பார்த்து ஒருவன் எடுத்த முடிவு அது. 15 ஆண்டு கழித்து, 2016-ல், பல்பீரின் தம்பி ராணா சிங் சோதி சிறையில் இருந்த அந்தக் கொலையாளியோடு போனில் பேசினார். அவன் மன்னிப்புக் கேட்டான். ஏற்கெனவே மன்னித்துவிட்டேன் என்று ராணா சொன்னார். தலையை மட்டும் பார்த்து ஒருவனைக் கொன்றவனுக்கு, அவன் செய்த செயலோடு நிறுத்தாமல் ஆளையும் பார்த்த பதில் அது.

இப்போது அந்த ஜோக். 'ஒரு சர்தார்ஜி' என்று தொடங்கினாலே, அவர் முட்டாள் என்று முடியும் எனச் சிரிக்கத் தயாராகிவிடுவோம். தமிழ்ப் பத்திரிகைகளில் பல ஆண்டுகள் பக்கம் நிரப்பிய சரக்கு. இதைத் தடை செய்யக் கோரி ஒரு சீக்கியப் பெண் வழக்கறிஞர் உச்ச நீதிமன்றம் போனார். மக்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் ஒழுக்க நெறி வகுக்க முடியாது என 2017-ல் நீதிபதிகள் சொன்னார்கள். சட்டப்படி சரியாக இருக்கலாம். அதனால் அந்த வேலை நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது.

சமீப ஆண்டுகளில் தென் மாவட்டத் தமிழர்கள் சிலர் சீக்கிய நெறியை ஏற்றிருக்கிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் தலைப்பாகையோடு தமிழில் வாக்குக் கேட்ட வேட்பாளர்களைப் பார்த்தோம். 'சர்தார்ஜி' இனி எங்கோ இருக்கும் ஆள் இல்லை.

குருத்வாராவுக்குப் போகணும்னா?

ராமேஸ்வரத்தில் குரு நானக் வந்ததாகச் சொல்லப்படும் மரபின் நினைவாக ஒரு குருத்வாரா இருக்கிறது. சென்னையில் தி.நகர் ஜி.என்.செட்டி சாலையில் ஒன்று. எந்த மதத்தவரும் போகலாம். கவனிக்க வேண்டியவை:

• செருப்பைக் கழற்றி, கை கால் கழுவணும்.
• தலையைத் துணியால் மூடணும். கைக்குட்டை போதும். இல்லையென்றால் அங்கேயே தருவார்கள். மொட்டைத் தலைக்கும் இதே விதிதான்!
• தரையில் உட்காரணும். காலை நூல் இருக்கும் பக்கம் நீட்டக் கூடாது.
• பிரசாதத்தை இரண்டு கையாலும் வாங்கணும்.
• லங்கரில் தேவையானதை மட்டும் வாங்கி, மிச்சம் வைக்காமல் சாப்பிடணும். காசு கிடையாது. விருப்பம் இருந்தால் பாத்திரம் கழுவலாம்.

பழனி மலை நமக்கு ஏற்கெனவே சொல்வது

கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயில் இருக்கிறது. வானம் தெளிவாக இருக்கும் நாளில் அங்கிருந்து பார்த்தால் கீழே பழனி மலை தெரியும். 1936-ல் அந்தக் கோயிலைக் கட்டியவர், இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் ராமநாதனை மணந்து, இந்து நெறியை ஏற்று, லீலாவதி என்று பெயர் மாற்றிக்கொண்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. அந்தக் காலத்தில் மலைப்பாதையில் அவரைப் பார்த்தவர்கள் 'யாரோ துரைசாணி, சர்ச்சுக்குப் போறாங்க' என்று நினைத்திருந்தால் ஆச்சரியமே இல்லை. அவர் முருகனைத் தேடிப் போய்க்கொண்டிருந்தார்.

கீழே பழனியிலோ, ஒரே தண்டாயுதபாணிக்கு ஒரே நாளில் ஆண்டி அலங்காரமும் நடக்கிறது, ராஜ அலங்காரமும் நடக்கிறது. கோவணமும் கோலுமாக நின்றவர்தான் சில மணி நேரத்தில் கிரீடத்தோடு நிற்கிறார். கோலத்தை வைத்து ஆளை முடிவு செய்யாதே என்பதை அந்த மலை தினமும் காட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்த முறை கொடைக்கானல் போகும் வழியில் டீக்கடையில் ஒரு தலைப்பாகைக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், ஜோக் நினைவுக்கு வருவதற்கு முன் ஒரு வணக்கம் வைக்கலாம். அவர்கள் பாஷையில் அது 'சத் ஸ்ரீ அகால்'. காலம் கடந்தவன் ஒருவனே மெய் என்பது அதன் கருத்து.